லாபம் என்று தொடங்கும் இசைத்தட்டு

1

ஜனவரி பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்திற்கு இது தொடங்கியது. நேரம் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், ஒலிக்கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்பதை எங்கள் அலுவலகக் கணினி குறித்துவைத்துக்கொள்கிறது. ஊரில் அப்போது பிற்பகல் இரண்டு நாற்பது. காணும் பொங்கல் முடிந்த மறுநாள். கீழ்வேளூர்ப் பக்கத்தில் சம்பா அறுவடை தொடங்கியிருக்கும்.

நான் ஹாம்பர்க் நகரில் ஒப்பிலக்கியம் படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், பழைய இசைத்தட்டுகளை மீண்டும் வெளியிடும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை. அந்தத் தட்டுகளை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வெளிவந்த காலத்தில் இந்த நகரத்தாரே கேட்கவில்லை. ஆளில்லாத வீடுகளில் பூட்டை உடைத்துக் குடியேறிய இளைஞர்கள், அவ்வீடுகளின் நிலவறைகளில் கிட்டாரையும் தகரப் பீப்பாயையும் வைத்துக்கொண்டு பதிவுசெய்தவை. முந்நூறு படிகள் அச்சாகும், நண்பர்கள் கையில் பாதி போகும், குழு கலைந்துவிடும். நாற்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் பழைய சாமான் சந்தையில் ஒரு படியைக் கண்டெடுப்பார். அதன்பின் உலகமே அதைத் தேடும்.

நிறுவனத்தை நடத்துபவர் யோஹன். ஐம்பது வயதிருக்கும். பசை இளகிப்போன பழைய ஒலிநாடாக்களைக் குறைந்த சூட்டில் அடுப்பில் வைத்து உலர்த்தி, ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பதிவெடுப்பார். இரைச்சலை நீக்க மாட்டார். “இரைச்சலும் அவர்கள் வாசித்ததுதான்” என்பார். உறைக்குள் செருகும் தாளின் சொற்களைச் சரிபார்ப்பது என் வேலை. யார் எதை வாசித்தார்கள், பாட்டின் வரிகள் என்ன என்பவை பிழையின்றி இருக்க வேண்டும்.

அன்று காலை அவர் ஒரு கோப்பைத் திறந்துவைத்துவிட்டு, “இது உங்களுக்கென்றே காத்திருந்தது போலிருக்கிறது” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பதிவான தட்டு அது. ‘ஈரச்சுவர்’ என்று பொருள்படும் பெயருடைய குழு. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பாடியவர் பெயர் வேலு என்று மட்டும் உறையில் இருந்தது. கப்பலின் அடித்தளத்தைக் கழுவும் வேலைக்கு வந்து, கரையிறங்கியவர் திரும்பிப் போகவில்லை. இந்தத் தட்டைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் எழுதியதையெல்லாம் யோஹன் எனக்கு முன்பே காட்டியிருந்தார். தொன்மையான இந்திய மழை வேண்டுதல் என்றார் ஒருவர். சொற்களுக்குப் பொருளே கிடையாது, குரல் ஒரு கருவி மட்டுமே என்றார் மற்றொருவர். பாட்டின் தலைப்பான ‘லாபம்’ என்பது ஒரு தேவதையின் பெயராக இருக்கலாம் என்று இருவருமே கருதினார்கள்.

காதொலிக்கருவியை மாட்டினேன். பீப்பாயின் மேல் ஓர் அடி விழுந்தது. ஒரு குரல் உரத்து, இழுத்து, “லாபம்” என்றது. மறுபடி அடி. “ரெண்டு.” மறுபடி அடி. “மூணு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ‘லாபம்’ என்றுதான் தொடங்க வேண்டும். என் அப்பா இப்போதும் டிராக்டரில் மூட்டை ஏற்றும்போது அப்படித்தான் எண்ணுகிறார். இந்த நகரத்துக்கு வந்து இரண்டரை ஆண்டுகளில், பிறர் அறியாத ஒன்றை நான் மட்டும் அறிந்திருந்த முதல் தருணம் அது. யோஹனைக் கூப்பிடுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை அப்படியே நின்றது. நான்காம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் இடையில் அந்தக் குரல் ஓர் ஊரின் பெயரைச் சொன்னது. என் ஊர். அடுத்து ஒரு மனிதரின் பெயரைச் சொன்னது.

2

அந்தப் பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பெரிய பண்ணை’ என்போம், அல்லது ‘அந்த வீடு’. யாரும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. நெருப்பில் கை வைக்காதிருப்பதைப் போல அது தானாக வந்தது. பள்ளியில் அதே பெயருள்ள பையன் ஒருவன் இருந்தான். வேறு ஊர், வேறு குடும்பம். அவனையும் நாங்கள் பட்டப்பெயரால்தான் கூப்பிட்டோம்.

பண்ணைக்காரர் இறந்து நெடுங்காலமாகிறது. இப்போது இருப்பவர் அவருடைய மகன் வயிற்றுப் பேரன், படித்தவர், என்னைப் பார்த்தால் “ஜெர்மனி எப்படி இருக்கு?” என்று கேட்பவர். என் அப்பா சாகுபடி செய்யும் நிலம் அவர்களுடையது. பேச்சுக் குத்தகை. பட்டா அவர்கள் பெயரில் இருப்பதால், கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல் சான்று வாங்குவதற்குக்கூட அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அறுத்த நெல் களத்திலேயே கிடந்து பனியில் நனையும்.

இந்தக் குறிப்பிலும் அந்தப் பெயரை எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை.

3

கருவியைக் கழற்றிவிட்டேன். யோஹனிடம், “ஒலிபெருக்கி வேண்டாம், தனியாகக் கேட்கிறேன்” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் காபி போடப் போனார்.

இங்கே என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் எனக்குக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துத் தந்த முகவர், அப்பாவின் முதலெழுத்தையும் விரித்து எழுதிவிட்டார். அதனால் என் குடும்பப் பெயர் ‘செல்வராசு காத்தமுத்து’ ஆயிற்று. ஜெர்மானியர்கள் கடைசிச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் நான் ‘திருமதி கட்டாமுட்டு’. நான் குடியிருக்கும் வீட்டின் அழைப்புமணிக்குக் கீழேயும் அதுதான் இருக்கிறது. விசா நீட்டிப்புக்குப் போகும் அயலார் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் விளக்குவேன்: அது என் பெயரன்று, என் தந்தையின் தந்தை பெயர். அங்கிருக்கும் பெண்மணி கேட்டுக்கொண்டு, கணினியைப் பார்த்து, “இங்கே நீங்கள்தான் கட்டாமுட்டு” என்பார். போன முறை வேலையைப் பற்றிக் கேட்டபோது, ‘பழைய ஒலிகளை வெளியிடுகிறோம்’ என்று சொல்ல நினைத்து, அண்டைவீட்டார் மேல் புகார் கொடுக்கும்போது பயன்படுத்தும் ‘கூச்சல்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். “கூச்சல் போடுவதற்கு நாங்கள் விசா நீட்டித்துத் தர வேண்டுமா?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பயந்தவர்கள் முந்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மறுபடி கருவியை மாட்டி, இம்முறை கடைசிவரை கேட்டேன். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் வேலு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தென்னை மரம். கயிறு. அம்மாவின் முதுகு. அறுவடைக் களம். கட்டினவன் பெயர். சவுக்கை எடுத்தவன் பெயர். பத்துக்கு மேல் கிட்டார் நின்றுவிடுகிறது, பீப்பாய் மட்டும்.

“பன்னெண்டு” என்கிறார். பிறகு, பாடாமல் பேசுகிறார்:

“மடியில கட்டுனது அரை மரக்கா. முதுகுல அளந்தது ஒரு கலம்.”

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதற்கடுத்த வரிதான் தட்டின் கடைசி வரி. “அளந்தது எங்க தெரு காத்தமுத்து.”

4

மதியம் கிசெலா வந்தார். அந்தக் குழுவில் பீப்பாய் அடித்தவர்; எழுபதை நெருங்குபவர்; மீண்டும் வெளியிட ஒப்புதல் தந்தவரும் அவர்தான். வேலுவின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்டதும் அவரே என்று யோஹன் சொன்னார். எனக்கென்று சர்க்கரை தூவிய பன் வாங்கி வந்திருந்தார்.

“மழைப் பாட்டா?” என்று கேட்டார்.

“இன்னும் முழுவதும் எழுதவில்லை” என்றேன். அது பொய்யன்று. எழுதத் தொடங்கவே இல்லை.

“மழைப் பாட்டு என்று வேலு சொல்லவில்லை. நாங்கள்தான் உறைக்காக எழுதிக்கொண்டோம். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி, கடை, கப்பல், பீர் இந்த மூன்றுக்குத்தான் போதும்.” தாமே சிரித்துக்கொண்டு தொடர்ந்தார். “ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்று கேட்பார். சட்டை நனைந்து, குரல் போய், மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வருவார். ‘அவர்களுக்குப் புரிந்ததா?’ என்பார்.”

“நீங்கள்?”

“புரிந்தது என்போம். வேறு என்ன சொல்வது? குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.”

அச்சகத்துக்குத் தாள் போக வேண்டிய நாள் திங்கட்கிழமை என்று யோஹன் நினைவூட்டினார். நான் வெளியே வந்து, மீன் சந்தைக்குப் பின்புறம் ஆற்றோரமாக நடந்தேன். எல்பே ஆற்றின் மேல் மெல்லிய பனிக்கட்டிகள் மிதந்து வந்தன. இந்த நகரத்தில் அந்தப் பாட்டின் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அது என்றைக்கும் மழைப் பாட்டாகவே இருக்கும். இந்த எண்ணம் ஆறுதலாக வந்து அடுத்த கணமே அச்சமாக மாறியது. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவரைக் கைவிடுவது இவ்வளவு எளிது என்பதை அதற்குமுன் நான் அறிந்திருக்கவில்லை.

5

வீட்டுக்கு அழைத்தேன். ஊரில் மாலை ஐந்தரை. அம்மா எடுத்தார்.

“என்னம்மா இந்நேரத்துல? வேலைக்குப் போவலயா?”

“போயிருக்கேன். அப்பா எங்கம்மா?”

“இப்பத்தான் வயல்லேர்ந்து வந்து காலு கழுவுறாங்க. இன்னும் அறுப்பு மெஷின் எறங்கல. நேத்து வரேன்னான், இன்னைக்கு வரேன்னான். அந்த டிரைவரு பொண்ணு பாக்கப் போற மாதிரி நாளு பாக்குறான்.”

நடந்ததைச் சொன்னேன். பண்ணைக்காரர் பெயரையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது.

“மெல்லப் பேசு” என்றார் அம்மா.

“அம்மா, நான் ஜெர்மனியில இருக்கேன்.”

“போனு இங்கதானே இருக்கு.”

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வாயருகே வந்தது. “புரியலன்னு சொல்லிடேன். அவங்களுக்கு என்ன தெரியப்போவுது? இத்தன வருசம் மழைப் பாட்டுன்னு நெனச்சிக்கிட்டு நல்லாத்தானே இருந்தாங்க. நெல்லு இன்னும் வயல்ல நிக்கிது, மலரு.”

“இது வெளியில வந்தா நம்ம ஊரு வரைக்கும் வருமான்னு தெரியலம்மா.”

“வராம? நம்ம மாரியம்மன் கோயில் தேரு சாஞ்சத, நீ அங்கேர்ந்து எனக்குப் போன் பண்ணிச் சொன்னவதானே.”

அப்பா போனை வாங்கினார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, “வேற யாரு பேரு வருது?” என்றார்.

நான் அதுவரை அதைச் சொல்லியிருக்கவில்லை. அவரே, “போட்டுக் காட்டு” என்றார்.

தொடக்கத்தை மட்டும் அலுவலகத்துக் கையடக்க ஒலிப்பானில் எடுத்து வந்திருந்தேன். காதொலிக்கருவியின் ஒரு காதைப் போனின் வாயில் அழுத்திப் பிடித்தேன். லாபம். ரெண்டு. மூணு.

“நிறுத்து.”

நிறுத்தினேன்.

“அது பாட்டு இல்லம்மா. எங்கப்பா அளக்குற கொரலு. ‘மூணு’ன்னு ஒரு இழுப்பு இழுக்குறாரு பாரு, வீட்டுல எத எண்ணுனாலும் அப்படித்தான் இழுப்பாரு. இந்தப் பக்கம் பூராவும் அவரு அளந்தாத்தான் கணக்குன்னு பேரு.” பிறகு, “அப்ப வேலு அங்கதான் இருந்திருக்கு. அஞ்சலையோட மவன். சின்னப் பிள்ள. நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சுன்னு சொல்லுவாங்க” என்றார்.

“தாத்தா ஏம்ப்பா எண்ணுனாரு?”

“அளந்துகிட்டு இருந்தவரக் கூப்புட்டு அடிய எண்ணுடான்னாங்களாம். அளக்குறவன் எண்ணுனாத்தானே சரியா இருக்கும்னு சிரிச்சாங்களாம். மாட்டேன்னா அடுத்த மரத்துல இவரு. ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொன்னாரு. லாபம்னு வாயில வந்துருச்சுடா, ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாம்னாரு. அதுக்கப்புறம் அளக்கப் போவல. மண்ணு வெட்டப் போனாரு.”

இங்கே ஒரு படகு ஊதியது.

“என்னப்பா செய்யட்டும்?”

“பண்ண பேரப் போடுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. போடாதன்னு சொல்லவும் வாயி வரல. அஞ்சலை சாவுற வரைக்கும் இந்தத் தெருவுலதான் இருந்துச்சு. நான் பாத்திருக்கேன், மல்லாந்து படுக்காது.” தொண்டையைச் செருமினார். “ஒண்ணு மட்டும் செய்யி. எங்கப்பா பேரு வர்ற எடத்துல ஒரு வரி சேத்துரு. எண்ணச் சொன்னாங்க, அதனால எண்ணுனாருன்னு.”

“அது பாட்டுல இல்லப்பா.”

“நடந்ததுல இருக்குல்ல.”

6

அன்று மாலை முழுவதும் அந்த ஒரு வரியுடன் உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் தன்னிடமிருந்து எதையும் சேர்க்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வது எளிது. அங்கே மூல ஆசிரியர் யாரோ, வாசகர் யாரோ. இங்கே நான் சேர்க்காமல் விட்டால் என் தாத்தா உலகமெங்கும் சவுக்கின் பக்கத்தில் நிற்பார். அடிக்குறிப்பாக, என் பெயரிட்டு எழுதலாமா என்றும் நினைத்தேன். அதுவும் முடியவில்லை. அஞ்சலையின் முதுகைப் பற்றி அவர் மகன் பேசக் கிடைத்தது ஒரே ஒரு தாள்; அதன் அடியில் இடம் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காக நான் வழக்காடுவதா? வேலுவுக்கும் தெரிந்திருக்கும், எண்ணச் சொன்னார்கள் என்று. தெரிந்தும் அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட அவருக்கு உரிமை இருந்தது.

உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்த நியாயங்களையெல்லாம் அடுக்கும்போதும் என் அச்சம் குறையவில்லை. தட்டு கடைக்கு வருவது சித்திரையில். அதற்குள் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கும். ஆனால் அடுத்த குறுவை இருக்கிறது. அதற்கடுத்த சம்பா இருக்கிறது. அந்த வீட்டார் நிலத்தைத் திரும்பக் கேட்கக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலே போதும். அம்மா தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது யார் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியாது. நான் இங்கே உறைபனியில் பத்திரமாக இருக்கிறேன். விலை கொடுக்கப்போவது நானாக இருக்காது. அச்சத்திலேயே எனக்கு மிகவும் கூசிய பகுதி இதுதான்.

தாத்தாவின் பெயரை இந்தக் குறிப்பில் எழுதிவிட்டேன். பண்ணைக்காரரின் பெயரை எழுதவில்லை. அந்த வேறுபாட்டை நீங்கள் கவனிப்பதற்கு முன்பே நான் கவனித்துவிட்டேன்.

7

மறுநாள் காலை விடிவதற்கு முன் அலுவலகத்தைத் திறந்தேன். சனிக்கிழமையாதலால் யோஹன் வரவில்லை. பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு வரியாக எழுதினேன். முதலில் தமிழில், பக்கத்தில் ஜெர்மனில். ஊரின் பெயர், பண்ணைக்காரரின் பெயர், கட்டியவர் பெயர், அடித்தவர் பெயர். முதல் எண்ணை ‘லாபம்’ என்றே விட்டு, களத்து வழக்கத்தை மட்டும் தலைப்பின் கீழ் ஒரு வரியில் சொன்னேன். கடைசி வரியை எழுதும்போது விரல்கள் குளிர்ந்து பிழையாயிற்று. அழித்து மறுபடி எழுதினேன். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. கிசெலாவுக்கும் யோஹனுக்கும் அனுப்பிவிட்டு, மேசை விளக்கை அணைத்தேன்.

பிறகு அப்பாவுக்கு அழைத்தேன். ஊரில் பதினொன்றரை. பனி காய்ந்து அறுவடை எந்திரம் வயலில் இறங்கியிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார்.

“சொல்லும்மா. அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேம்ப்பா.”

“எல்லா பேரும்?”

“எல்லா பேரும்.”

“அந்த வரி சேத்தியா?”

“இல்லப்பா” என்றேன்.

எந்திரம் வரப்புவரை போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. மறுபடி அருகே வந்தது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

“டிராக்டரு வந்துருச்சு. வச்சிர்றேன்” என்றார்.

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.